இருபத்து மூன்று விநாடி லேட்

குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்றுதான் வரும்.
செல்லூரில் இது எல்லோருக்கும் தெரியும்.
ராத்திரி ரெண்டரைக்குத் திறந்தால்
உஸ்ஸென்று ஒரு சீறல்,
அப்புறம் ஒன்றுமில்லை,
அப்புறம் ஒரு விக்கல்,
அப்புறம்தான் குடத்தின் அடியில் முதல் சத்தம்.

அந்த ஒன்றுமில்லையில்
குடத்தைப் பிடித்துக் குனிந்து நின்றபோது
வீட்டுக்குள்ளேயும் ஒன்றுமில்லை என்று கேட்டது.

குறட்டை விடுகிற ஆள் இல்லை இவர்.
மூச்சு மெல்லத் தொடங்கும்,
பெரிதாகும், இன்னும் பெரிதாகும்,
மாடிப்படி ஏறுகிறவர் போல இரைக்கும்.
பிறகு அதே படிகளில் இறங்கும்,
சின்னதாக, இன்னும் சின்னதாக.
கடைசிப் படியில் கால் வைத்ததும்
ஆளைக் காணோம்.

எண்ண ஆரம்பித்தேன்.
எண்ணாமல் வேறென்ன செய்ய?
பதினொன்று. பன்னிரண்டு.
தெருநாய் எழுந்து உடம்பை உதறிவிட்டுப் படுத்தது.
பத்தொன்பது.
கூடல்நகர் பக்கம் சரக்கு வண்டியின் கொக்கிகள் இழுபடும் ஓசை.
இருபத்து மூன்றில்
முங்கு நீச்சலிலிருந்து தலை தூக்கியவர் மாதிரி வந்தார்.
வெளியே குடம் வழிந்து வாசலெல்லாம் தண்ணீர்.

காலையில் கேட்டால்
"நல்லாத்தானே தூங்குனேன்" என்கிறார்,
செருப்புக்குள் நுழையாத காலைத் தடவிக்கொண்டு.
முப்பத்தோரு வருஷம் ஆரப்பாளையத்தில் டைம் கீப்பர்.
தேனி வண்டி நாலு நிமிஷம் பிந்தினால்
டிரைவரை நிறுத்திக் கேட்டு எழுதிய கை.
இருபத்து மூன்று விநாடி எங்கே போனீர்கள் என்று
இவரிடம் யார் எழுதி வாங்குவது?

போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தேன்.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கோடு.
ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டு.
அந்த மாதம் பால்காரருக்கு
ஏழு பாக்கெட் காசு கூடக் கொடுத்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில்
"ஒச்சப்பன், ஒச்சப்பன்" என்று ரெண்டு தரம் கூப்பிட்டார்கள்.
டாக்டர் ஃபர்ஹானா போனைக் காதில் வைத்து
அந்த மௌனத்தை முழுசாகக் கேட்டார்.
நடுவில் யாரோ கதவைத் தட்டியும் திரும்பவில்லை.

பிறகு ஒரு ராத்திரி
உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள்.
தொண்டையில் அடைப்பில்லை என்றார்.
இதயம் சோர்ந்து தள்ளுவதால்
ரத்தம் தலைக்குப் போய்ச் சேரத் தாமதம்.
மூச்சு போதும் என்கிற சேதியும் லேட்,
மூச்சு வேண்டும் என்கிற சேதியும் லேட்.

அப்போதுதான் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"பிரேக்டவுன் இல்ல. டைமிங் உதைக்குது.
அப்படித்தானே மேடம்?"

பக்கத்துக் கட்டில்காரருக்கு
மூக்கில் மாட்டும் காற்று மெஷின் கொடுத்திருந்தார்கள்.
எங்களுக்கும் வேண்டுமா என்றேன்.
எல்லா இதயத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது,
முதலில் மாத்திரைகளைச் சரி செய்வோம் என்றார்.
உப்பைக் குறை. காலையில் எடை பார்.
நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதற்குமேல் தண்ணீர் கூடாது.

ராத்திரியில் பதினோரு குடம் பிடிக்கிறவள்
பகலில் ஒரு மனுஷனுக்கு
பாட்டிலில் கோடு போட்டு அளக்கிறேன்.
சித்திரை வெயிலில் ஒரு வாய் கூடக் கேட்டார்.
கொடுக்கவில்லை.
அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

நாலு மாதம் போனது.
ஒருநாள் விழித்தால் விடிந்திருக்கிறது.
பதறி எழுந்து ஓடினால்
குழாயடியில் இவர், நாற்காலி போட்டு.
குடத்தைத் தூக்கவில்லையாம்,
டியூபை மட்டும் மாற்றி மாற்றி விட்டாராம்.
சத்தியம் செய்கிறார்.

மடியில் அதே பால் நோட்டு.
முத்துமுத்தான ஆபீஸ் கையெழுத்தில்:
தண்ணீர் வருகை 2.41. புறப்பாடு 3.50.
அதற்குக் கீழே என் பெயர்.
படுத்தது 11.10.
இடையில் எங்கும் நிறுத்தமில்லை.

பேனாவை வாங்கி
இவர் பெயரை எழுதி
முந்தாநாள் எண்ணியதைப் பக்கத்தில் போட்டேன்:
பதினாறு விநாடி.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.
ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.