மூன்றாம் இருக்கை

டாக்டர் கல்லியோ ஓய்வு பெறுகிறார் என்று
ஒரு கடிதம் வந்தது.
கையெழுத்துகூட அச்சிட்டது.
இருபத்தாறு வருடம் என் நாக்கைப் பார்த்தவர்
அரிசோனாவில் மீன் பிடிக்கப் போகிறாராம்.
அங்கே ஏது தண்ணீர் என்று
யாரைக் கேட்பது.

அடுத்த கடிதம் காப்பீட்டுக் கம்பெனியுடையது.
முப்பது நாளுக்குள் குடும்ப டாக்டரை
நான் தேர்ந்தெடுக்காவிட்டால்
அவர்களே ஒருவரைப் போட்டுவிடுவார்கள்.
டார்லா மிஹெலிச் என்று எழுதியாயிற்று,
ப்யூட், மொன்டானா என்று எழுதியாயிற்று,
டாக்டர் பெயருக்கான கட்டத்தின் மேல் மட்டும்
காப்பிக் கோப்பையை வைத்து வைத்து
ஒரு வளையம் விழுந்துவிட்டது.

பட்டியலில் பதினொரு பேர்.
முதலாமவர் போன கோடையில் செத்துப்போனார்,
அடக்கத்துக்கு நான் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோனேன்.
புதிய நோயாளிகளை ஏற்கிறார் என்றுதான்
அவருக்கும் போட்டிருக்கிறது.
இரண்டு பேர் மிசூலாவுக்குப் போய்விட்டார்கள்.
ஒருவருக்கு நட்சத்திரம் நாலரை;
அந்த அரை எங்கே போனது என்று தேடினேன்,
கார் நிறுத்த இடம் போதவில்லையாம்.
இன்னொரு இடத்தில் போனை எடுத்த பெண்
பிப்ரவரி என்றாள்.
அப்போது மார்ச்.

என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.
எடை மெஷினில் நான்
முதுகைக் காட்டித்தான் ஏறுவேன் என்பது
கல்லியோவுக்குத் தெரியும்.
எண்ணைச் சொல்லமாட்டார்.
"ம்" என்பார்.
அந்த "ம்"மில் எத்தனை பவுண்டு என்று
எனக்கு விளங்கிவிடும்.
ரே போன வருடம்
முழங்கால் வலி என்று மூன்று முறை போனேன்.
மூன்று முறையும் முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.
அதில் ஒன்றுமில்லை என்று
ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஒன்பதாவது பெயர்: எம்மெட் லௌனி.
அடக் கடவுளே.

ஏழாம் நம்பர் பள்ளிப் பேருந்து,
மூன்றாம் இருக்கை, சன்னலோரம்.
பழைய சுரங்கக் கோபுரத்தைத் தாண்டுகிற வளைவில்
வாரத்துக்கு இரண்டு நாள் வாந்தி எடுப்பான்.
நான் மரத்தூள் தூவிப் பெருக்குவேன்,
அவன் கையுறையைக் கழற்றித் துடைக்க வருவான்.
விடுடா என்பேன்.
இறங்கும்போது உதட்டுக்குள் படிகளை எண்ணுவான்.
மூன்றே படி.
தினமும் எண்ணுவான்,
ராத்திரியில் யாரோ ஒன்றைக் கூட்டியிருப்பார்கள் என்பதுபோல.

இவன் முன்னால் உட்கார்ந்து நான்
சட்டைப் பொத்தானைக் கழற்றுவதா?
பெயரை அடித்துவிட்டுப் பத்தாமவரிடம் போனேன்.
நல்லவர்தான்.
திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்,
தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, தனியாக இருக்கிறீர்களா;
மூன்றையும் ஒரே குரலில்.
நானும் ஒரே குரலில் சொன்னேன்,
பரவாயில்லை, இல்லை, ஆமாம்.

இருபத்தெட்டாம் நாள்
பனியில் யாரோ வரமுடியாமல் போன நேரம் ஒன்று
லௌனியிடம் காலியாக இருந்தது.
போனேன். படிவம் கோட்டுப் பைக்குள்.

பாதித் தலைமுடி போய்விட்டது அவனுக்கு.
என்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை.
எப்படித் தெரியும்?
ஐந்து வருடம் அவன் பார்த்தது
ஓட்டுகிறவளின் பின்தலையைத்தானே.

எடை பார்க்கலாம் என்றான்.
வழக்கம்போல முதுகைக் காட்டி ஏறினேன்.
எனக்குப் பின்னால்
பேனா எழுதுகிற சத்தம் நின்றது.
நின்றது நின்றபடியே இருந்தது.
நான் திரும்பவில்லை.
ஓட்டும்போது திரும்பக்கூடாது.

எண்ணை அவன் சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
என் மணிக்கட்டைப் பிடித்தான்,
விரல் குளிர்ந்திருந்தது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி
உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தான்.

கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு,
குளிர் உள்ளே வந்தாலும் வரட்டும் என்று,
அவன் தரைக்கு வந்து சேரும்வரை
காத்திருப்பேனே, அதேமாதிரி
கையை ஆட்டாமல் வைத்திருந்தேன்.