கடல்மட்டம்

ஐப்பசியில் மழை இரண்டு பெய்த பிறகு
கம்பு ஒடிக்க வேண்டும், விரல் தடிமனில்.
எந்த விரல் என்று கேட்டார் சிஸ்டர் புளோரன்ஸ்.
மோதிரம் இல்லாத என் மோதிரவிரலைக் காட்டினேன்.
அவர் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டார்.

சாய்த்து நட வேண்டும், சாணுக்கு ஒன்று.
பாதி மண்ணுக்கு, பாதி காற்றுக்கு.
கடியபட்டணத்தில் மண் என்றால் மணல்தான்.
நாலு கூடை ஆற்றுமண் கேட்டேன்;
பள்ளிக்கூடக் கணக்கில் அது இதரச் செலவு.

சங்கங்குப்பியை ஆடு கடிக்காது.
உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது,
செய்தாலும் வெளியே சொல்லிக்கொள்ளாது:
மேற்கே பார்த்த இலைக்கு மட்டும்
ஆனியில் ஓரம் கருகித் தேயிலை நிறமாகும்.
கசக்கினால் வரும் வாடைக்குப் பிள்ளைகள் வைத்த பெயரை
இங்கே எழுத முடியாது.

முழங்கால் உயரம் வந்ததும் முதல் வெட்டு.
"இப்பதானே வளருது, பாவம்லா"
சத்துணவு ஆக்கும் ரோசிலி சொன்னாள்.
பாவம் பார்த்தால் வேலி மேலே போகும்,
கீழே காலிடுக்கில் கோழி போகும்.
தலை போனால்தான் பக்கம் கிளைக்கும்.
அடி அகலமாக, தலை குறுகலாக,
பாவாடை கட்டினதுபோல் நிற்க வேண்டும்.
சுவர்மாதிரி செங்குத்தாக வெட்டினால்
வெயில் எட்டாமல் அடி மொட்டையாகும்,
அப்புறம் எந்த உரம் சொன்னாலும் கேட்காது.

இவ்வளவும் யாரும் செய்யலாம்.
மட்டம்தான் கஷ்டம்.

பள்ளிக்கூடம் நிற்பது பாறைச் சரிவில்.
கொத்தனார் ஏசுவடியான் டியூபில் தண்ணீர் பிடித்து
அந்தத் தூணில் ஒன்றும் இந்தத் தூணில் ஒன்றும் கோடு போட்டார்.
வலைநூலை இழுத்துக் கட்டி வெட்டினேன்.
ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்து
"சரிஞ்சு கெடக்கே" என்றார்கள்.
சரிந்து கிடப்பது ரோடு.
ரோட்டில் நிற்பவர்களிடம் அதை எப்படிச் சொல்ல?

நூலை அவிழ்த்துவிட்டேன்.
உள்ளே கொடிமரத்தடியில் குந்தி
வேலித்தலையில் கடல் முடியும் கோட்டை வைத்தேன்.
கோட்டுக்கு மேல் துருத்தியதெல்லாம் அதிகப்படி.
இரண்டு முழம் வெட்டு, திரும்ப வா, குந்து, பார்.
எழுபது முழத்துக்கு எத்தனை தடவை என்பது
என் முட்டிக்குத் தெரியும்.

ஆடியில் ஒரு வாரம் கடலுக்குக் கோடே இல்லை.
தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல்.
"சனிக்கிழமை ஆயர் வருகிறார், வெட்டிவிடு."
ஓர்மையில் இருந்த கடலை வைத்து வெட்டினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆயர் கொள்ளாம் என்றதாகக்கூடக் கேள்வி.

கச்சான் அடங்கி வள்ளங்கள் இறங்கின பிறகு
சாளை வாங்கப்போன இடத்தில் டெல்பின் சொன்னான்:
"பார் பிடிக்க, கோயில் கோபுரத்தையும் மலையையும்
ஒண்ணா சேத்துப் பாப்போம்லா அக்கா,
கரையணையச்சில கீழ ஒங்க வேலி
பச்சையா ஒரு வரமாதிரி தெரியும்.
இந்த மட்டம் வடக்க எறங்கிக் கெடக்கு."
"பார் கெடச்சுதா?"
"வேலிய வச்சா பார் பிடிக்கோம்?"
சிரித்துக்கொண்டே நாலு சாளை கூடுதல் போட்டான்.

மீனைக்கூட வீட்டில் வைக்காமல் வந்து குந்தினேன்.
கோடு திரும்பி வந்திருந்தது.
வடக்கு மூலையில் நாலு விரல் கடல்
கூடுதலாகத் தெரிந்தது.

துருத்தினதை வெட்டலாம்,
வெட்டினதை என்ன செய்ய?
தெற்கையும் இறக்கிவிடு என்றார் ஏசுவடியான்.
அப்படி இறக்கியிறக்கித்தான்
அவர் கட்டின எங்கள் கழிப்பறைச் சுவர் குட்டையானது.

வடக்கு மூலைக்கு ஒரு சிரட்டை வேப்பம்பிண்ணாக்கு,
காலையில் ஒரு குடம்.
அங்கே கத்தரி படாமல் மற்ற இடத்தைப் பைய ஒதுக்கிவருகிறேன்.
வெட்டாமல் விட்டதால் அந்த மூலையில் பூத்திருக்கிறது,
வெள்ளையாக, உள்ளிருந்து செந்நூல் நாக்கை நீட்டிக்கொண்டு.
இந்தச் செடி பூக்கும் என்பதே
பிள்ளைகளுக்கு இப்போதுதான் தெரியும்.
இரண்டைப் பறித்து ரோசிலி கொண்டையில் வைத்திருக்கிறாள்.

நாலு விரல் வளர்ந்ததும்
பூவோடு சேர்த்து வெட்ட வேண்டும்.
இன்றைக்கு மூன்று.