ஏழரைக் கிலோ

கீழமாரட் வீதியில்
கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை.
பின் அலமாரியில், கொசுவலைச் சுருள்களுக்குப் பின்னால்
நஜிமுதீன் பாய் மூன்று ரீல் வைத்திருந்தார்.
பாம்பனுக்கு நூற்றறுபது கிலோமீட்டர் இருக்கிற ஊரில்
யார் வந்து கேட்கப்போகிறார் என்று
விலைச்சீட்டுகூட ஒட்டவில்லை.

தங்கமாய் மின்னுவதை முதலில் எடுத்தார்.
புதுசு. பன்னிரண்டாயிரம்.
சுற்றினேன்.
கல்யாண வீட்டில் சீட்டுப் போடச் சொல்கிறவர் மாதிரி
ரொம்ப இனிமையாகப் பேசியது.
நான் சிம்மக்கல்லில் ஃபேன் காயில் கட்டுகிறவன்,
இனிமையாய்ச் சுற்றுகிற எதையும்
அவிழ்த்துப் பார்க்காமல் நம்புவதில்லை.
உள்ளே பிரேக்குக்குக் கம்பளித் துண்டு.
ஒரு சூரை ஒரே ஓட்டம் ஓடினால்
கருகிப் போகும்.

அடுத்தது தேய்ந்த கறுப்பு ஜப்பான்காரன்.
மலேசியாவிலிருந்து வந்த யாரோ
கைச்செலவுக்கு விட்டுப்போனது.
பக்கத் தட்டில் கீறல், ஒரு திருகில் உப்புப் பூ.
காதோரம் வைத்துச் சுற்றினேன்.
ஒரே ஒரு பேரிங் முனகுகிறது.
அது என் கடை டப்பாவிலேயே கிடக்கிறது, நாற்பது ரூபாய்.
வாஷர் கார்பன்.
நாலாயிரத்து இருநூறு என்றார்.
மூவாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது,
கூடவே அவர் வீட்டு டேபிள் ஃபேனைச்
சும்மா பார்த்துத் தருகிற பேச்சும்.

மூன்றாவதை நான் தொடவே இல்லை.

கோலுக்கு இத்தனை யோசனை வேண்டாம்.
ரீல் ஏழையாய் இருக்கக்கூடாது, கோல் இருக்கலாம்.
கார்பன் கோல் கைக்குச் சுகம்தான்,
படகு விளிம்பில் ஒரு தட்டுப் பட்டால்
அடுத்த மீனுக்கு அது இரண்டு கோல்.
ஃபைபரே எடுத்தேன். ஐந்தரை அடி, தூக்கினால் உலக்கை.
வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பார்த்தேன்.
மூன்றாவதில் மாட்டியது.
கண்ணுக்குத் தெரியாத விரிசல்.
நூற்றைம்பது குறைத்தார், வளையம் மாற்ற எண்பது.
"எழுபது ரூபா லாபம்டா" என்றான் துளசிராம்.

வீட்டில் செண்பகவல்லி எவ்வளவு என்றாள்.
கோலின் விலையைச் சொன்னேன்.

இருபத்திரண்டரைக் கிலோ தாங்கும் நூல்.
மூன்றில் ஒரு பங்குக்குப் பிரேக்கை இறுக்க வேண்டும்.
ஏழரை.
துளசிராம் முகம் மாறியது.
"எட்டா வச்சுருவோமே."
நூலுக்கு ஜாதகம் கிடையாது என்றேன்.
வெங்காயக் கடைக் கொக்கித் தராசில்
ஏழரையே வைத்தோம்.

நின்ற தராசு சொல்வது பாதிதான்.
ஓடுவதைக் கட்டி இழுத்துப் பார்க்க வேண்டும்.
ஞாயிறன்று படகு. அருள்சேவியர் போனில் சொல்லியிருக்கிறார்:
மயில் மீன் வெளியே வந்து முதுகை விரிக்குதாம்.
அதற்குள் மதுரையில் ஒரு மீனுக்கு எங்கே போவது?

துளசிராமிடம் டிவிஎஸ் ஃபிஃப்டி இருந்தது.

ராத்திரி பதினொன்றரை, வைகை வடகரைச் சாலை.
ஆறு பக்கத்திலேயே ஆகாயத்தாமரை போர்த்திக் கிடந்தது,
இந்த வேலையில் அதற்குப் பங்கில்லை.
கேரியரில் நூலைக் கட்டி
இடுப்பில் சாக்கை மடித்துச் செருகி
கோலை ஊன்றினேன்.
"போ."

போனான்.
ரீல் கத்தியது பாருங்கள்,
இத்தனை வருஷத்தில் எந்த ஃபேனும் எனக்காக
அப்படிக் கத்தியதில்லை.
நூல் திக்கவில்லை, துள்ளவில்லை,
கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே போனது.
எண்பது மீட்டரில் கட்டைவிரலால் லீவரைத் தள்ளினேன்.
வண்டி முக்கியது.

அப்போதுதான் ரோந்து பைக்.
"என்னய்யா நடக்குது?"
"மீன் பிடிக்கிறோம் சார்."
ஆற்றைப் பார்த்தார்.
நூல் போகிற திசையைப் பார்த்தார்.
சட்டையில் ஒச்சப்பன் என்றிருந்தது.
தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு
"எங்க, குடுங்க" என்றார்.

கையால் இழுக்காதீங்க சார், இடுப்பைச் சாய்ங்க.
சாய்ந்தார்.
ஒரு அடி முன்னால் போய், காலை ஊன்றி, சிரித்தார்.
"மொத்தம் எவ்வளவாச்சு?"
முழுத் தொகையையும் சொன்னேன்,
அன்றைக்கு முதல் தடவையாக.

தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு, அதைச் சுற்றிப் புகை,
புகைக்குள்ளிருந்து துளசிராம்:
"பெட்ரோல் தீருதுடா,
இன்னும் எவ்வளவு நேரம்
நான் மீனா இருக்கணும்?"