வெளிப்பக்கம்

நாலு நாற்பது பஸ் இன்னும் வரவில்லை.
சுங்காய் நிறுத்தத்தில்
எண்ணெய் ஆலை வாடையும், நாங்கள் மூவரும்,
ஷர்வின் விரலில் தொங்கும் ஐஸ் மைலோ பொட்டலமும்.

நாளை சோதனை.
கொண்டென்சாசி என்று பலகையில் எழுதினார் சிக்கு ஹஸ்லினா.
நாங்களும் எழுதிக்கொண்டோம்.
தமிழ்ப்பள்ளியில் இதற்கு ஒரு சொல் படித்தோம்;
தினகரிக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

சொட்டுச் சொட்டாக
ஷர்வின் காலணியில் விழுகிறது தண்ணீர்.
"பொட்டலத்தில் ஓட்டை" என்றேன்.
வகுப்பில் நான் இரண்டாவது.
போன சோதனையில் அவனுக்கு இருபத்தொன்று.

அவன் ஒன்றும் சொல்லாமல்
பிளாஸ்டிக்கின் புறத்தை நக்கினான்.
"சீ!" என்றாள் தினகரி.
"இனிக்கலைலா. மைலோ உள்ளேதான் இருக்கு.
இது வேற தண்ணி."
"வேற தண்ணி எங்கேருந்து வரும்?"
சுற்றும் பார்த்தோம்.
காற்றைத் தவிர அங்கே யாரும் இல்லை.

நானும் நக்கிப் பார்த்தேன்.
தினகரி மாட்டேன் என்றுவிட்டாள்.
அந்தக் காற்றையே
ஆளுக்கொரு வாய் புதிதாக மூச்சிழுத்தோம்.

பஸ்ஸுக்குள் ஏர்கோன் குளிர்.
கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம்,
அந்தப் பக்கம் செம்பனை இருக்கிறதா என்றே தெரியவில்லை.
சட்டைக்கையால் துடைத்தேன், போகவில்லை.
அழுத்தித் துடைத்தேன்.
எச்சிலும் தொட்டுத் துடைத்தேன்.

"அது வெளிப்பக்கம்" என்றான் ஷர்வின்,
காலிப் பொட்டலத்தை முடிச்சுப் போட்டபடி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
தோட்ட முனை திரும்பும்போது
தினகரி என் காதருகே கேட்டாள்:
இறங்கினதும்
பஸ்ஸை நக்கிப் பார்த்தால் திட்டுவாங்களா?