ஆம் என்போர்

வக்கீல் தீர்த்தகிரிக்கு நான் குமாஸ்தா.
இருபத்தாறு வருஷம் அவர் கட்டுகளைச் சுமந்து
என் இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது.
தையற்காரன் மட்டும்தான் இதைக் கண்டுபிடித்தான்.

அஸ்தம்பட்டி கோர்ட்டில் அவர் குறுக்கு விசாரணை என்றால்
தட்டுவடை விற்கிறவனும் கூடையை இறக்கிவைத்து
ஜன்னலோரம் வந்து நிற்பான்.
சாட்சி கதை சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்துவார்:
"ஆமா, இல்லையா. அதுக்கு மேல வேண்டாம்."
அந்தக் கைக்கு முன்னால்
ஜவ்வரிசி மில் முதலாளிகள் கரைந்து
கஞ்சியானதைப் பார்த்திருக்கிறேன்.

சடைச்சி அப்போது வந்தவள்.
வாழவந்தியிலிருந்து
இருபது கொண்டை ஊசியும் இறங்கி
பஸ் மயக்கத்தோடு வாசலில் உட்கார்ந்தாள்.
ஒன்றரை ஏக்கர். நாலு பலா, மிளகுக்கொடி, கொஞ்சம் காபி.
எஸ்டேட்காரன் வேலி
ராத்திரியோடு ராத்திரியாக நடந்து உள்ளே வந்திருந்தது.
பத்திரம் உண்டா என்றேன்.
"எங்க பொணமெல்லாம் அங்கதான் கெடக்கு."
இதை எந்த பாஷையில் டைப் அடிப்பது என்று விழித்தேன்.
"பாரா மூணு. அப்படியே அடி" என்றார்.
ஃபீஸ் ஒரு படி மிளகு. என் பங்கு கைப்பிடி.

பிறகு அவருக்கு சீட் கிடைத்தது.
ஓட்டு எண்ணும் மேசையில் நானும் இருந்தேன்.
சமவெளி கைவிட்டது. மலைப் பெட்டிகள் திறந்ததும்
முந்நூற்றுப் பதினொரு ஓட்டில் எம்.எல்.ஏ.

சும்மா சொல்லக்கூடாது,
மேலே ரெண்டு கிராமத்துக்கு ரோடு போட்டார்,
ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மிஷின் வந்தது,
இயக்கத் தெரிந்த ஆளும் அடுத்த வருஷம் வந்தான்.
கூட்டத்தொடர் என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவேன்.
மறுநாள் கோர்ட்டில் வாய்தா மனு கொடுப்பேன்.
பதினான்கு மனு. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.
பதினான்கு தடவையும் சடைச்சி வந்தாள்,
வேப்பமர வேரில் உட்கார்ந்து
நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

ஒரே ஒரு முறை
பார்வையாளர் மாடத்தில் எனக்கு இடம் கிடைத்தது.
கடைசி நாள். ஏழு மசோதா, மளமளவென்று.
ஏற்போர் ஆம் என்க.
அவர் பக்கத்து ஆளிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.
சிரிப்பை நிறுத்தாமல், ஆம்.
ஏழு தடவை.
நல்ல குரல். கூட்டத்திலும் தனியாகத் தெரிந்தது.
எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த தேர்தலில் டெபாசிட் மட்டும் தப்பியது.
ஆணியில் தொங்கிய கோட்டு
வயிற்றில் பொத்தான் எட்டவில்லை.
கழுத்துப்பட்டைக்கு என் மனைவி கஞ்சி போட்டாள்.
முதல் நாளே சடைச்சி வழக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பையன்,
நிறையப் பேசவில்லை.
ஒரு திருத்தச் சட்டம், நான்காம் பிரிவு, உட்பிரிவு இ.
ரசீது இல்லாத அனுபவம் அனுபவம் ஆகாது.
வாசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.
மின்விசிறி கட்டின் தாள்களைப் புரட்டியது.
நீதிபதி அம்மா, விஷமமே இல்லாமல்,
"இது நிறைவேறியபோது நீங்க சபையில இருந்தீங்களா?"

"அன்றைய சூழ்நிலை என்னவென்றால்..."
என்று தொடங்கினார்.
யாரும் கையை உயர்த்தவில்லை.
அவராகவே நின்றார்.
"ஆம்."

எட்டு என்று எண்ணிக்கொண்டேன்,
எண்ணியிருக்கக் கூடாது.

வெளியே சடைச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
மிளகை அவர் வாங்கவில்லை.
நாலு மணி பஸ்ஸில் அவளோடு ஏறிப்போனார்.
மேலே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.
மறுநாள் செருப்பில் செம்மண்ணோடு வந்து
அப்பீலுக்கு முத்திரைத்தாள் வாங்கச் சொன்னார்.
பாரா மூன்றுக்கு வந்ததும் விரல் தயங்கியது.
"அந்தக் 'கெடக்கு'வைத் திருத்திடலாமா சார்?"
இல்லை என்றார்.