பின்புறமாய்த் திறக்கும் கதவு

அவள் பெயர் ஙையோ.
தமிழில் எந்தப் பெயரும் தொடங்கத் துணியாத எழுத்து.
தீமரு துறைமுகத்தில் பகலெல்லாம் கிரேன் ஓட்டுகிறாள்.
இரவில், ஆறு வருடமாக, இந்த வண்டி.

முப்பத்துநாலாம் வருடத்து போர்டு கூபே.
ஜெரால்டைன் பக்கம் ஒரு பண்ணையில்
கோழிகள் அதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.
வாங்கிய அன்று சீட்டு ஸ்பிரிங்கில்
சூடாக ஒரு முட்டை இருந்தது என்பாள்.
நம்புவது உங்கள் இஷ்டம்.

கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்தியாயிற்று.
மேகத்தில் கறுப்பு;
வெயில் பட்டால்தான் கத்தரிக்காய்த் தோல்.
உள்ளே, விபத்தில் மடிந்த ஹோல்டன் ஒன்றின் எட்டு சிலிண்டர்,
டிஸ்க் பிரேக், ஏசி,
பின்னால் பார்க்க ஒரு குட்டிக் கேமரா,
பின்கண்ணாடிதான் தபால்பெட்டி வாய் அளவுக்குச்
சுருங்கிவிட்டதே.

கதவில் கைப்பிடி கிடையாது.
மழமழவென்று சோப்புக்கட்டி.
பொத்தானை அழுத்தினால் க்ளிக்.
பின்பக்கம் கீல் வைத்த கதவு அது;
ஓடும்போது விட்டுக்கொண்டால்
காற்றே பிய்த்துக்கொண்டு போய்விடும்.
அதனால் மின்பூட்டு, அதற்கு மேல் இன்னொரு மின்பூட்டு.
கண்ணாடி ஏறி இறங்கவும் மின்சாரம்.

சான்றிதழ் தர வந்தவர் டூகல் மெக்ராஸ்டி.
வெல்டிங்கை நகத்தால் தட்டிக் காது கொடுத்தார்,
தேங்காய் வாங்குகிறவர் போல.
ஒரு வார்த்தை எழுத மூன்று நிமிஷம்.
"ஓட்டிப் பார்ப்போம்."

ஒருபக்கம் கடல், ஒருபக்கம் பனிமலை,
நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த சாலை.
எண்பது. நூறு.
பிரேக்கை மிதித்தார். கோணாமல் நின்றது.
எஞ்சினை அணைத்தார்.
அதோடு சரி.

சாவி திரும்பியது, வேறெதுவும் திரும்பவில்லை.
விளக்கில்லை. க்ளிக் இல்லை.
அவள் போன் பட்டறையில்,
அவர் போனில் ஒரு கோடுகூட இல்லை.
எழுபதாயிரம் டாலர் சோப்புப்பெட்டிக்குள்
இரண்டு பேர், தோள் இடிக்க.
மழை பிடித்துக்கொண்டது.
வேலியோரம் ஆடுகள் வந்து நின்று
வேடிக்கை பார்த்தன.

"எனக்கு அடைத்த இடம் ஆகாது"
என்றார் மெக்ராஸ்டி, ஆடுகளிடம்.
கொஞ்ச நேரம் கழித்து ஙையோ சொன்னாள்:
"கிரேன் கூண்டில் ஏறிய முதல்நாள் வாந்தி எடுத்தேன்."
"எங்கே?"
"மேலிருந்துதான். கீழே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்."
அந்த மனிதர் சிரித்ததை
அந்த மாவட்டத்தில் முதலில் பார்த்தவை ஆடுகளாக இருக்கலாம்.

அவள் மாற்றாமல் விட்டது ஒன்றுதான்:
முன்கண்ணாடியை வெளியே தள்ளும் பழைய திருகு.
ஆசைப்பட்டு விட்டதில்லை, சரியான ரப்பர் பட்டை கிடைக்கவில்லை.
சுழற்றினாள். கீழ்விளிம்பு ஒரு சாண் விலகியது.
அந்த இடுக்கில் மெக்ராஸ்டியின் கை
மணிக்கட்டுவரை, முழங்கைவரை,
படிவத்தோடு வெளியே போய் ஆடியது.

பால் டேங்கர் ஒன்று நின்றது.
அர்னெல், செபுத் தீவிலிருந்து வந்து நாலு வருடமாகிறது,
பானெட்டைத் தூக்கினார்,
தளர்ந்திருந்த எர்த் ஒயரை
இரண்டு விரலால் திருகினார்.
க்ளிக்.
நன்றி சொல்வதற்குள் பால் கிளம்பிவிட்டது.

நனைந்த படிவத்தில் ஏறியது ஒரே வரி:
மின்சாரம் செத்தாலும் உள்ளிருந்து திறக்க
ஒரு வழி வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிகளில்
கூட்டம் பானெட்டைத்தான் சூழ்கிறது.
எத்தனை குதிரைசக்தி,
எத்தனை நொடியில் நூறு.
ஙையோ குனிந்து சீட்டுக்கடியில் கைவிடுகிறாள்.
சைக்கிள் பிரேக் கம்பி,
முனையில் நூல் தீர்ந்த ஒரு நூற்கட்டை.

"உள்ளே உட்கார்ந்து
இதை இழுத்துப் பாருங்கள்" என்கிறாள்.