வரம்போர வெள்ளை

அக்கராயனில் மழை விட்ட நாலாம் நாள்
அற்புதராணியின் வயல் தலைமாட்டில் வெளுத்துக் கிடந்தது.
நடுவெல்லாம் பச்சை. வரம்போரம் மட்டும்
சீப்புப் பல்லுப் போலப் பால்வெள்ளை.
"வெள்ளையைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும் மிஸ்" என்றா.
ஏனென்று அவ சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மருந்தடித்த டினோசன் வாய்க்கால் கட்டில் நின்றான்,
மூன்று தாங்கிக் காசு இன்னும் கைக்கு வராதவன்,
செருப்பைச் சேற்றில் புதைத்தபடி.
"போத்தலில போட்ட அளவுதான் மிஸ்."
அளவு சரி.
திரும்பும் இடங்களில் குழாயை மூடாமல் திரும்பியிருக்கிறான்.
ஒரே நிலம், இரண்டு தரம் நனைந்திருக்கிறது.

இலையொன்றைக் கிள்ளி வெயிலுக்குப் பிடித்தேன்.
உள்ளே எரிந்தது பச்சை.
தன் வெளிச்சத்திலேயே எரிந்தது.
எரிய விடாமல் வைத்திருப்பது மஞ்சள்,
பச்சைக்கு அடியில் ஒருவரும் காணாத மஞ்சள்.

அதை இலை வெளியில் வாங்குவதில்லை.
காற்றில் பிடித்த கரியில்,
அதே பச்சைமணிக்குள், அதே பகலில் செய்கிறது:
மூன்று கரித் துண்டு இரண்டு சேரும்,
சேரும்போதே ஒரு கரி நழுவித் திரும்பக் காற்றுக்குப் போகும்,
மிச்சம் ஐந்து.
நாலைந்து இருபது.
இரண்டிருபது நாற்பது.
நாற்பதுக்கு நிறமில்லை, தண்ணீர் மாதிரி.
பிறகு ஐதரசனைச் சோடி சோடியாய் உருவ உருவ
வெளிறிய மஞ்சள் வரும், பிறகு சிவப்பு,
முறிகண்டிச் சந்தியில் பிளந்து வைத்த பப்பாசியின் சிவப்பு.
இரு நுனியும் வளையமாய்ச் சுருண்டால் செம்மஞ்சள்.
கூடிப்போன வெயிலை வாங்கி
வெறும் சூடாய் வெளியே விடுவது அதன் வேலை.

மருந்து முதலாம் படியிலேயே மறித்துவிட்டது,
துண்டு இரண்டும் கைகோக்கும் வாசலிலேயே.

இரண்டில் ஒரு துண்டு எங்கிருந்து வருகிறது என்பதில்
இன்னும் வழக்கு முடியவில்லை.
கரி பிடிக்கிற நொதி
நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாய்க் கைதவறுமாம்,
அப்போது விழுகிற துண்டிலும் கொஞ்சமாம்.
அறிவியல்நகரில் ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் கேட்டது.
கைதவறியதிலிருந்து மஞ்சள்!
டினோசனுக்கு இதை நான் சொல்லவில்லை.
சொன்னால் நாளைக்கு அதுவே சாட்டாகும்.

"வெளுத்தது வெளுத்ததுதான்.
பத்துப் பன்னிரண்டு நாளில் குருத்துப் பச்சையாய் வரும்.
தண்ணியை மட்டும் வடிய விடாதேங்கோ" என்றேன்.
"உந்த மஞ்சளை நான் எப்ப பாக்கிறது?"
"கதிர் முத்தட்டும். பச்சை இறங்க, அது நிக்கும்."
நான் பொய் சொல்கிறேனோ என்று
வரம்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தா.

பிறகு மடிப்பையை அவிழ்த்து
இரண்டு தாங்கிக் காசை எண்ணிக் கொடுத்தா.
"மூண்டாவது, குருத்தைக் கண்ட பிறகு."
அவன் எண்ணாமலே சட்டைப்பையில் வைத்தான்.

படிவத்தில் "பாதிப்பு" என்ற கட்டத்தில்
கால் ஏக்கருக்குக் குறைவு என்று எழுதினேன்.
"காரணம்" என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
அதை வெறுமையாய் விட்டேன்.
சந்திவரைக்கும் வரலாமோ என்று கேட்டு
டினோசன் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறினான்.
நடுவில் இருந்த வெற்றுத் தாங்கி
பள்ளத்துக்குப் பள்ளம் என் முதுகில் இடித்தது.